கடல் தாண்டிக் குடியேறும் முன்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு மருத்துவக் காப்பீட்டு வழிகாட்டி

வேலூர் காந்தி ரோட்டில் நடந்து பழகியவர்களுக்கு வங்காள எழுத்துப் பலகைகள் புதிதல்ல. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களை நம்பித்தான் அந்தத் தெருக்களின் லாட்ஜுகளும் மெஸ்களும் மருந்துக் கடைகளும் நடக்கின்றன. கையில் எக்ஸ்ரே உறையுடன் காட்பாடியில் ரயில் இறங்குகிறவர்களில் அந்தமான்காரர்களும் உண்டு. சிறுவயதில் அவர்களைப் பார்க்கும்போது, இவ்வளவு தொலைவு ஏன் வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். இப்போது நானே அந்த உறையைப் பிடித்துக்கொண்டு அதே ரயிலில் வருகிறேன்.

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 27 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 51 வயதில் ஓய்வு பெற்று, என் மனைவியின் அண்ணன் கடை வைத்திருக்கும் ஸ்ரீ விஜய புரத்துக்குக் குடிபோனேன். 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊர்தான் அது. வீடு, வங்கிக் கணக்கு, சாமான்களைக் கப்பலில் ஏற்றுவது என எல்லாவற்றையும் திட்டமிட்டேன். மருத்துவக் காப்பீட்டை மட்டும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வேலையை விட்ட நாளோடு நிறுவனத்தின் குழுக் காப்பீடு முடிந்தது. நான்கு மாதம் எதுவும் இல்லாமல் இருந்தோம். பிறகு புதிதாக ஒரு பாலிசி எடுத்தேன். பத்தொன்பதாவது மாதத்தில் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் வலி வந்தது. அவருடைய சர்க்கரை நோய்க் கோப்பெல்லாம் வேலூரில் இருந்ததாலும், உடன் இருந்து பார்த்துக்கொள்ள அவர் தங்கை அங்கே இருந்ததாலும், வேலூருக்கு வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தது. பித்தப்பைக் கல்லுக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் என்று பாலிசியில் அச்சிட்டிருந்தது; அதாவது பாலிசி எடுத்து 24 மாதம் ஆகும் வரை அந்த நோய்க்குப் பணம் கிடையாது. மறுப்பு விதிப்படி சரிதான். வேலையில் இருக்கும்போதே நான் ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தால் அந்தக் காத்திருப்பே இருந்திருக்காது என்று அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்னொரு குடும்பத்துக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்

புதுப் பாலிசி தேடும் முன், ஏற்கெனவே உங்களுக்கு உள்ள உரிமைகளைப் பட்டியலிடுங்கள். வட ஆர்க்காட்டுப் பகுதியில் பலர் இதைக் கவனிக்காமல் கைவிடுகிறார்கள்.

முன்னாள் ராணுவத்தினர் நம் பக்கம் ஏராளம். வேலூருக்கு அருகே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெற்று வருகிற இவர்களுக்கு முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது. மனைவிக்கும் சேர்த்து வாழ்நாள் முழுவதும் பயன்படும் திட்டம் அது. தீவுக்குப் போகிறவர், தன் பதிவு இந்தத் திட்டத்தின் எந்தப் பாலிகிளினிக்கில் (மருத்துவ மையத்தில்) இருக்கிறதோ அதைக் குடிபோகும் முன்பே மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இந்த அட்டை கையில் இருப்பவர் தனியார் பாலிசிக்குப் பெரிய தொகை செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தொழிற்சாலைகளில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டாளராக இருந்து, ஓய்வு வயதை எட்டியோ விருப்ப ஓய்விலோ வெளியேறினால், மாதம் 10 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டி, தானும் துணையும் மருத்துவ வசதியைத் தொடரலாம். தீவில் இருந்துகொண்டு அன்றாட மருத்துவத்துக்கு இது உதவாமல் போகலாம். ஆனால் ஊருக்கு வந்து சிகிச்சை பெறும் நாளில் 120 ரூபாய்க்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கானது. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் அடிப்படையாகக் கொண்டது. குடும்ப அட்டையைத் தீவுக்கு மாற்றும் முன் இதை நினைவில் வையுங்கள். வீட்டில் 70 வயது கடந்த பெற்றோர் இருந்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு உண்டு. 2024 அக்டோபர் இறுதியில் தொடங்கிய இந்தச் சலுகையை நாட்டின் எந்தப் பகுதியிலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் பயன்படுத்தலாம். கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

வேலையை விடும் முன் செய்ய வேண்டியது

நான் தவறவிட்ட படி இதுதான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருக்கிற ஊழியர், வெளியேறும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். இதை மைக்ரேஷன் என்கிறார்கள். குழுவில் தொடர்ச்சியாகக் கழித்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். உதாரணமாக, ஆறு ஆண்டுகள் குழுவில் இருந்தவருக்கு, குழுவில் இருந்த அதே தொகை வரை, பித்தப்பைக் கல்லுக்கான 24 மாதமும், முன்பே உள்ள நோய்களுக்கான 36 மாதமும் ஏற்கெனவே கழிந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். உடல்நிலையைப் பார்த்து விதிமுறைகளை முடிவு செய்யும் அதிகாரம் காப்பீட்டு நிறுவனத்துக்கு உண்டு என்பதால், கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே மனிதவளப் பிரிவில் மூன்று தாள்கள் கேட்டு வாங்குங்கள்: குழுப் பாலிசியின் எண், நீங்கள் சேர்ந்த தேதியைக் காட்டும் சான்று, இதுவரை பெற்ற இழப்பீடுகளின் விவரம்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஓய்வுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, குழுக் காப்பீடு இருக்கும்போதே, சொந்தப் பணத்தில் தனி பாலிசி ஒன்றை எடுத்துவிடுங்கள். 2024 ஏப்ரல் முதல், முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். அதற்கு முன் 48 மாதமாக இருந்தது. 49 வயதில் எடுத்தால் 52 வயதில் ஓய்வு பெறும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் உட்பட எல்லாவற்றுக்கும் முழுப் பாதுகாப்போடு கப்பல் ஏறலாம். இரண்டு பிரீமியம் கட்டுவது வீண் செலவாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஏற்கெனவே தனி பாலிசி இருந்து, நிறுவனம் பிடிக்கவில்லை என்றால், புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே வேறு நிறுவனத்துக்கு மாற விண்ணப்பிக்கலாம். கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். ஆனால் மாறுதல் உறுதியாகும் வரை பழைய பாலிசியை விட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள்

முகவர் படிவத்தை நிரப்பும்போது, "சர்க்கரை மாத்திரை ஒன்றுதானே, எழுத வேண்டாம், பிரீமியம் ஏறும்" என்று சொல்லக்கூடும். கேட்காதீர்கள். ஒரே மருத்துவமனையில் இருபது ஆண்டுகளாகக் காட்டி வந்த வேலூர்க்காரரின் மருத்துவ வரலாறு முழுவதும் அந்த மருத்துவமனை எண்ணின் கீழ் பதிவாகியிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாவது வரியிலேயே "பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்" என்று வந்துவிடும். மறைத்த விவரம் வெளிப்பட்டால் இழப்பீடு மட்டும் அல்ல, பாலிசியே ரத்தாகலாம். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி தவிர வேறு காரணம் காட்டி நிறுவனம் கேள்வி எழுப்ப முடியாது என்பது இப்போதைய விதி. அந்த ஐந்தாண்டை நேர்மையாகக் கடந்தவர் நிம்மதியாக இருக்கலாம்.

பாலிசி கைக்கு வந்ததும் 30 நாள் பரிசீலனைக் காலம் உண்டு. அந்த நாட்களில் முழுவதையும் படியுங்கள். பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தீவுக்காரர் கண்ணால் பாலிசியைப் படிப்பது

வேலூரில் இருக்கிறவர், அருகில் எந்த மருத்துவமனையில் கேஷ்லெஸ் (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டும் வசதி) உண்டு என்று பார்த்தால் போதும். தீவில் இருக்கிறவர் வேறு விதமாகப் படிக்க வேண்டும். ஸ்ரீ விஜய புரத்தில் ஜி.பி. பந்த் அரசு மருத்துவமனைதான் முதன்மையானது. மருத்துவக் கல்லூரியும் அதனுடன் இணைந்து நடக்கிறது. அவசரத்துக்கு அங்கேதான் போக வேண்டும், நாங்களும் அங்கேதான் போகிறோம், நன்றாகவே கவனித்தார்கள். அரசு மருத்துவமனை என்பதால் பெரிய பில் வராது. சிக்கலான இதய, நரம்பு, புற்றுநோய் சிகிச்சைக்குச் சென்னை, வேலூர், கொல்கத்தா என்று கடலைத் தாண்ட வேண்டியிருக்கும். அதாவது உங்கள் பெரிய பில் எப்போதும் நிலப்பரப்பில்தான் வரும்.

அதனால் முதல் கேள்வி மண்டலம். பல நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்து, பெருநகரத்துக்கு அதிக பிரீமியமும் சிறு ஊருக்குக் குறைந்த பிரீமியமும் வைக்கின்றன. முகவரியைத் தீவுக்கு மாற்றினால் பிரீமியம் குறையலாம், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் குறைந்த மண்டலத்துப் பாலிசியோடு சென்னையில் சேர்ந்தால், பில்லில் 10 அல்லது 20 சதவீதத்தை நீங்களே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை சில பாலிசிகளில் இருக்கிறது. 6 லட்சம் ரூபாய் பில்லில் 20 சதவீதம் என்றால் 1,20,000 ரூபாய். நான் சொல்வது இதுதான்: மண்டல நிபந்தனை இல்லாத பாலிசியை எடுங்கள், அல்லது கூடுதல் பிரீமியம் கட்டி மேல் மண்டலத்தையே தேர்ந்தெடுங்கள். இதற்காக முகவரி மாற்றத்தை மறைக்க வேண்டாம். எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் தாளை வாங்கி வையுங்கள்.

அடுத்தது அறை வாடகை வரம்பு. 5 லட்சம் ரூபாய்ப் பாலிசியில் நாளொன்றுக்கு ஒரு சதவீதம் என்றால் 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால் வித்தியாசம் வெறும் 3,000 ரூபாய் என்று நினைக்காதீர்கள். மருத்துவர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம், செவிலியர் கட்டணம் எல்லாம் அதே விகிதத்தில், எட்டில் ஐந்து பங்காகக் குறையும். அவை 1,60,000 ரூபாய் என்றால் கிடைப்பது 1,00,000 ரூபாய்தான். மருந்து, பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. பில்லைச் சரிபார்க்கும்போது அதைக் கேளுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவருக்குக் கிடைத்த அறைதான் அறை. ஆகவே அறை வரம்பே இல்லாத பாலிசி தீவுக்காரருக்குக் கூடுதல் பிரீமியத்துக்குத் தகுந்தது. ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியை எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கின்றன. எளிமையானது, நம்பகமானது. ஆனால் அதில் அறைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய் என்ற வரம்பும், எல்லா பில்லிலும் 5 சதவீதம் நம் பங்கும் உண்டு. வேறு எதுவும் கிடைக்காதவர்களுக்கு அது நல்ல துணை.

கடலைக் கடக்கும் செலவு

இதைப் பற்றி எந்த முகவரும் எனக்குச் சொல்லவில்லை. காப்பீடு மருத்துவமனைப் பில்லுக்குத்தான். நோயாளிக்கும் துணைக்கும் விமான டிக்கெட், மீனம்பாக்கத்திலிருந்து வேலூர் வரை கார், காந்தி ரோட்டு லாட்ஜில் பதினைந்து நாள் வாடகை, சாப்பாடு எதுவும் பாலிசியில் வராது. விமானத்தில் சென்னைக்கு இரண்டே கால் மணி நேரம். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள், நோயாளிக்கு உதவாது. அவசரத்தில் எடுக்கும் டிக்கெட் விலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. படுத்த நிலையில் கொண்டுபோக வேண்டும் என்றால் சில விமானங்களில் பல இருக்கைகளை எடுத்து ஸ்ட்ரெச்சர் அமைப்பார்கள். அதற்கு மருத்துவர் ஒப்புதல் படிவமும் கால அவகாசமும் வேண்டும்.

ஸ்வராஜ் தீவு, ஷாகீத் தீவு என்று இப்போது அழைக்கப்படும் ஹேவ்லாக், நீல் தீவுகளில் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்கரை அழகானது. ஆனால் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வரவே ஃபெர்ரியில் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும், புயல் எச்சரிக்கை வந்தால் ஃபெர்ரி நிற்கும். மோசமான நிலையில் இருக்கும் நோயாளிகளை நிர்வாகம் ஹெலிகாப்டரில் கொண்டுவருவது உண்டு என்றாலும், வானிலை அதற்கும் இடம் தர வேண்டும். இதய நோயோ டயாலிசிஸோ உள்ள குடும்பம் ஸ்ரீ விஜய புரத்துக்குள்ளேயே, மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகும் தூரத்தில் வீடு எடுக்க வேண்டும் என்பேன்.

ஏர் ஆம்புலன்ஸ் பாதுகாப்பு உண்டு என்று விளம்பரத்தில் பார்த்ததும் திருப்தி அடையாதீர்கள். நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். நோய் கண்ட இடத்திலிருந்து அருகிலுள்ள மருத்துவமனைக்குத்தான் என்று சில பாலிசிகள் எழுதியிருக்கும். தீவில் நமக்குத் தேவை ஒரு மருத்துவமனையிலிருந்து கடலுக்கு அப்பால் உள்ள இன்னொரு மருத்துவமனைக்குப் போவது. அது சேர்ந்ததா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். எவ்வளவு தொகை வரை, முன்கூட்டி அனுமதி வேண்டுமா, நாமே கட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டுமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

இந்தச் செலவுகளைச் சமாளிக்க நான் இப்போது வைத்திருப்பது இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, குறிப்பிட்ட கொடிய நோய் கண்டறியப்பட்டால் மொத்தத் தொகையைக் கையில் தரும் தீவிர நோய்ப் பாலிசி. அந்தப் பணத்தை டிக்கெட்டுக்கும் வாடகைக்கும் பயன்படுத்தலாம், பில் காட்ட வேண்டியதில்லை. நோய் கண்டபின் பொதுவாக 30 நாள் உயிரோடிருந்தால்தான் தருவார்கள் என்ற நிபந்தனையைப் பாருங்கள். இன்னொன்று, உடனே எடுக்கக்கூடிய வைப்புநிதி. இருவர் அவசர டிக்கெட், ஒரு மாத வாடகை, மருத்துவமனை முன்பணம் ஆகிய மூன்றையும் கூட்டி அந்தத் தொகையை முடிவு செய்யுங்கள். வீட்டுச் செலவுக்கு அதைத் தொடாதீர்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது

பெரிய அடிப்படைப் பாலிசி எடுக்கப் பணம் போதாது என்றால், 5 லட்சம் அடிப்படைக்கு மேல் ஆகும் செலவைத் தரும் கூடுதல் பாலிசியான சூப்பர் டாப்-அப் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரில் உள்ள "சூப்பர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 5 லட்சத்துக்கு மேல் தரும் சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். ஓராண்டில் 4 லட்சம் வீதம் இரண்டு பில் வந்தால் அது ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 8 லட்சம் என்று எடுத்து, 5 லட்சத்துக்கு மேல் உள்ள 3 லட்சத்தைத் தரும். அடிப்படைப் பாலிசிக்கும் சூப்பர் டாப்-அப்புக்கும் காத்திருப்புக் காலங்கள் தனித்தனி என்பதால் இதையும் ஓய்வுக்கு முன்பே எடுப்பது நல்லது.

பிரீமியத்தைப் பற்றிப் பேசும்போது இன்றைய தொகையை மட்டும் கேட்காதீர்கள். அதே பாலிசிக்கு 55, 60, 65, 70 வயதுகளில் இன்று என்ன கட்டணம் என்ற அட்டவணையைக் கேளுங்கள். 52 வயதில் சம்பளம் நின்றவர் முப்பது ஆண்டு இதைக் கட்ட வேண்டும். 60 வயது கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்ற வேண்டுமென்றால் நிறுவனங்கள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டதும் நமக்கு நிம்மதி. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்காக 25,000 ரூபாய் வரையும், மூத்த குடிமக்களுக்கு 50,000 ரூபாய் வரையும் கழிவு உண்டு. புதிய முறையில் இல்லை.

இலங்கைக்கோ மொரீஷியஸுக்கோ போக நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி பாதிதான் உதவும். நம் நாட்டுப் பாலிசிகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே. அங்குள்ள காப்பீட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனாலும் ஊர்ப் பாலிசியை விட்டுவிடாதீர்கள், திரும்பி வரும் நாளில் புதிதாகத் தொடங்குவது கடினம்.

சேர்க்கும் நாளில்

திட்டமிட்ட சிகிச்சை என்றால் 48 மணி நேரம் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நிறுவனத்தின் தொடர்புப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கும் வசதி 2024 ஜனவரியில் தொடங்கியது. அவசரச் சேர்க்கையில் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் அதையும் கேட்டுப் பார்க்கலாம். கேஷ்லெஸ் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் டி.பி.ஏ. மேசையில் காக்க வைத்தால் இந்த விதியை மரியாதையாக நினைவுபடுத்துங்கள்.

தீவில் எடுத்த ஸ்கேன், புறநோயாளிச் சீட்டு, மருந்துக் கடை ரசீது அனைத்தையும் கூடவே கொண்டுவாருங்கள். சேர்வதற்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவும் பாலிசியில் வரும் என்பதால், கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த ஒரு ரசீதுக்கும் விலை உண்டு.

மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார். அந்தமான் முகவரிக்கு கொல்கத்தா அலுவலகம்தான் எல்லை. ஆனால் நிறுவனத்தின் எந்தக் கிளை மீது புகாரோ அந்தக் கிளை இருக்கும் எல்லையிலும் கொடுக்கலாம். வேலூர்க் கிளையில் பாலிசி எடுத்தவர் சென்னை அலுவலகத்தில் தமிழில் பேசி வாதாடலாம். பாலிசியை ஊரிலேயே எடுத்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. பாலிசி நகல், நிறுவனத்தின் தொலைபேசி எண், ஆதார் நகல்கள், வேலூர் மருத்துவமனை எண், இருவருடைய மாத்திரைப் பட்டியல், மைத்துனர் வீட்டுச் சாவி ஆகியவை அதில் இருக்கின்றன. பையின் மேல் புதுப்பிக்கும் தேதியைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தத் தேதியைத் தாண்டினால் 30 நாள் அவகாசம் உண்டு, ஆனால் ஆண்டுப் பிரீமியம் கட்டுகிறவருக்கு அந்த இடைவெளியில் வரும் நோய்க்குப் பாதுகாப்பு இல்லை. அதனால் பத்து நாள் முன்பே கட்டிவிட்டு, ரசீதை என் மனைவி அந்தப் பையில் வைத்துவிடுகிறார்.